கிரேக்க எழுத்துச் சங்கங்கள்: அமெரிக்கக் கல்லூரிகளில் ஆள் சேர்க்கும் முறை பற்றிப் பெங்களூர்ப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அல்சூரில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர், காலைக் காப்பி ஆறுவதற்குள் கையில் செல்போனோடு வந்து நின்றார். அவருடைய மகன் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எஸ். முதலாண்டு படிக்கிறான்.

"சார், பையனுக்கு அங்கே ஏதோ சங்கத்துல சேரச் சொல்லிக் கார்டு குடுத்திருக்காங்களாம். செவ்வாய்க்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்கதான் நம்ம சங்கத்துல இத்தனை வருஷமா இருக்கீங்களே, சேரலாமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்ச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவனுக்கு உலகத்துச் சங்கம் எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். இருந்தாலும் என் மகள் அந்த நாட்டில் நான்காண்டுகள் இளநிலைப் படிப்புப் படித்தவள். அவள் சொல்லக் கேட்டதும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததும் கொஞ்சம் உண்டு. அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காக எழுதுகிறேன். இப்போது நம் வீடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி எழுகிறது என்பதால் மலர்க் குழுவினரும் எழுதச் சொன்னார்கள்.

ஏன் இப்போது? நம் தலைமுறையில் அமெரிக்கா போனவர்கள் பெரும்பாலும் இங்கே பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். படிக்கப் போனவர்கள். அவர்கள் நாலு பேராகச் சேர்ந்து வாடகைக்கு வீடு பிடித்து, ரசப்பொடி டப்பாவோடு குடித்தனம் நடத்தினார்கள். இந்தச் சங்கங்களோ இளநிலை மாணவர்களுக்கானவை. முதுநிலை மாணவரை யாரும் அங்கே கூப்பிடுவதில்லை. அதனால் முப்பது வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்த மாமாவைக் கேட்டாலும் "தெரியாதே, ஏதோ குடிகாரப் பசங்க கூட்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பதினெட்டு வயதில் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணைத் தூதரகம் ஒன்று நம் பெங்களூரிலேயே திறக்கப்பட்டது என்றால், போகிறவர்கள் கூட்டம் எவ்வளவு என்று ஊகித்துக் கொள்ளலாம்.

முதலில் பெயர்கள். ஆண்கள் சங்கத்துக்கு ஃபிராட்டர்னிட்டி என்று பெயர். லத்தீனில் 'ஃபிராட்டர்' என்றால் சகோதரன். பெண்கள் சங்கத்துக்கு சொராரிட்டி. 'சொரார்' என்றால் சகோதரி. இந்த இரண்டாவது சொல் பழையது அல்ல. 1880களில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் பேராசிரியர், பெண்கள் தங்களை 'ஃபிராட்டர்னிட்டி' என்று அழைத்துக் கொள்வது பொருந்தவில்லை என்று கருதிப் புதிதாக ஆக்கிக் கொடுத்த சொல். கலைச்சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ள நம் அன்பர்களுக்கு இது பிடிக்கும்.

சங்கத்தின் பெயராக இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துகள் இருக்கும். இதற்கு மூலம் 1776 டிசம்பரில் வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா. அறிவு நாட்டமே வாழ்க்கைக்கு வழிகாட்டி என்னும் பொருளுடைய கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகள் அவை. இரகசிய முத்திரை, இரகசியக் கைகுலுக்கல் எல்லாம் அதில் இருந்தன. பின்னாளில் அது இரகசியத்தை விட்டுவிட்டு, நன்றாகப் படிக்கிறவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. உங்கள் பிள்ளைக்கு ஃபை பீட்டா கப்பாவிலிருந்து அழைப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம், தெருவுக்கே இனிப்பு கொடுங்கள். நாம் பேசிக் கொண்டிருப்பது அதுவல்ல. 1825இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா என்று ஒன்று தோன்றியது. கூடிப் பழகுவதற்கான இன்றைய சங்கங்களின் குடும்ப மரம் அங்கிருந்துதான் கிளை விடுகிறது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு தேசியத் தலைமையகமும் கல்லூரிதோறும் ஒரு கிளையும் உண்டு. பல கிளைகளுக்குச் சொந்த வீடு உண்டு. உறுப்பினர்கள் அங்கேயே தங்கிச் சாப்பிடுவார்கள்.

இனி ஆள் சேர்ப்பு. இதற்கு வழக்கில் 'ரஷ்' என்று பெயர். புது மாணவர்கள் ஊருக்குள் வந்து இறங்கியவுடனே அவர்களைப் பிடிக்கச் சங்கத்தார் முண்டியடித்து ஓடியதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். கெம்பேகௌடா பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர்கள் நம்மைச் சூழ்ந்து கொள்வதை நினைத்துக் கொண்டால் சரியாக இருக்கும்.

பெண்கள் சங்கங்களில் இது பிசகில்லாத ஒரு எந்திரம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்கு முன்போ, சில இடங்களில் ஜனவரியிலோ ஒரு வாரம் முழுக்க நடக்கும். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் ஒரே பருவத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கலந்து கொள்வார்கள். 2021இல் அவர்கள் தினமும் என்ன உடை உடுத்தினோம் என்று எடுத்துப் போட்ட சின்னச் சின்ன வீடியோக்களை உலகமே பார்த்தது. முன்கூட்டியே பெயர் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். முதல் நாள் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். வீட்டுக்கு அரை மணி நேரம் போல. பாட்டு, பேச்சு, சிரிப்பு. அன்று இரவு இரண்டு பட்டியல்கள் தயாராகும். பெண் தனக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்துவாள். வீட்டார் தங்களுக்கு வேண்டிய பெண்களை வரிசைப்படுத்துவார்கள். இரண்டையும் கணினியில் போட்டுப் பொருத்தி, மறுநாள் யார் எந்த வீட்டுக்குப் போகலாம் என்று காலையில் அட்டவணை வரும். இப்படியே வீடுகளின் எண்ணிக்கை குறைந்து கொண்டே வந்து, கடைசிச் சுற்றில் அதிகமாகப் போனால் இரண்டு வீடு. அந்தக் கடைசிச் சுற்று மட்டும் கொஞ்சம் பக்தி சிரத்தையோடு, மெழுகுவத்தி எல்லாம் ஏற்றி நடக்கும். அது முடிந்ததும் சங்கத்துப் பெண்களும் சேர விரும்பும் பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசவே கூடாது. முடிவு வரும்வரை மௌன விரதம்.

கர்நாடகத்தில் பிள்ளையை சி.இ.டி. எழுத வைத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 'ஆப்ஷன் என்ட்ரி' என்று இரவெல்லாம் உட்கார்ந்து கல்லூரிகளை வரிசைப்படுத்தினோமே, அதே சங்கதிதான். வித்தியாசம் இரண்டு. நம் ஊரில் கல்லூரிக்குச் சொந்தமாக விருப்பம் கிடையாது, உங்கள் ரேங்க்தான் பேசும். அங்கே வீட்டுக்கும் விருப்பம் உண்டு, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, நமக்கு 'சாய்ஸ் 2' என்று ஒரு வசதி உண்டு. கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக் கொண்டே அடுத்த சுற்றில் நல்லது வருகிறதா என்று பார்க்கலாம். அங்கே அது நடக்காது. கடைசிச் சுற்று முடிந்ததும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தான் பட்டியலில் எழுதிக் கொடுத்த வீடு ஒன்று கூப்பிட்டு, பிறகு அவள் மாட்டேன் என்றால், அந்தக் கல்லூரியில் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு எந்தச் சங்கத்திலும் அடுத்த ஆண்டுப் பெரிய சேர்ப்புவரை சேர முடியாது. இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுத பெண்களை என் மகள் பார்த்திருக்கிறாள். பிடிக்காத வீட்டின் பெயரைப் பட்டியலில் எழுதாமலே விட்டுவிடலாம் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இந்தப் பொருத்தும் முறை பொருளாதார அறிஞர்களின் கவனத்தையும் ஈர்த்தது என்பது ஆச்சரியம். 1991இல் சூசன் மாங்கெல், ஆல்வின் ராத் என்னும் இருவர் இதை ஆராய்ந்து, அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதார இதழில் கட்டுரை எழுதினார்கள். ராத் 2012இல் லாயிட் ஷேப்லியோடு நோபல் பரிசு பெற்றவர். பரிசு கிடைத்தது இந்தக் கட்டுரைக்காக மட்டும் அல்ல. மருத்துவர்களை மருத்துவமனைகளோடும், பிள்ளைகளைப் பள்ளிகளோடும், சிறுநீரகம் கொடுப்பவரைப் பெறுபவரோடும் பொருத்தும் முறைகள் பற்றிய பெரிய உழைப்புக்காக. அந்த இருவர் கண்ட ஒரு விஷயம் சுவையானது. பட்டியலில் பல வீடுகளை எழுத இடமிருந்தும், பெண்களில் பலர் ஒரே ஒரு வீட்டின் பெயரை மட்டும் எழுதினார்கள். கணக்குப்படி இந்த முறை சில சமயம் குழப்பத்தில் முடியக்கூடியது. பெண்கள் அப்படித் தந்திரமாக எழுதியதால்தான் அது குலையாமல் ஓடியது என்று விளக்கினார்கள். கல்யாணச் சந்தையில் நாலு ஜாதகத்தைக் கையில் வைத்துக் கொண்டு ஒரே வீட்டுக்குப் பதில் போடும் நம் பெரியவர்கள் இந்தக் கணக்கை எந்த இதழிலும் படிக்கவில்லை.

எந்த வீடும் எல்லாரையும் அள்ளிக் கொள்ள முடியாது. கடைசிச் சுற்றுக்கு வந்த பெண்களின் எண்ணிக்கையை வீடுகளின் எண்ணிக்கையால் சுமாராக வகுத்து ஒரு 'கோட்டா' வைப்பார்கள். இடம் மிஞ்சிய வீடுகள் பிறகு பருவம் முழுவதும் சத்தமில்லாமல் ஆள் சேர்த்துக் கொள்ளும். ஆரவாரத்தில் மனம் ஒட்டாத பெண்களுக்கு அதுதான் நல்ல வழி என்பது என் அபிப்பிராயம்.

பையன்கள் கதை வேறு. அங்கே இவ்வளவு ஒழுங்கு கிடையாது. பெயர் பதிவதோடு சரி. ஒரு வாரம், இரண்டு வாரம் வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுவது, கூடைப்பந்து ஆடுவது, டி.வி.யில் மேட்ச் பார்ப்பது, பேசுவது. முதல் சில நாள் யார் வேண்டுமானாலும் போகலாம். பிறகு அழைப்பு உள்ளவர்கள் மட்டும். ஒவ்வொரு இரவும் உறுப்பினர்கள் கூடி உட்கார்ந்து, வந்த பையன்களின் பெயரைச் சொல்லி விவாதிப்பார்கள். 'இவன் நமக்குச் சரிப்படுவானா' என்பதுதான் கேள்வி. பிறகு ஓட்டு. பழைய நாளில் பெட்டிக்குள் வெள்ளைக் குண்டு, கறுப்புக் குண்டு போடுவார்கள். சில இடங்களில் ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாலும் அந்தப் பையனுக்குக் கதவு சாத்தப்படும். யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்க வழியில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வராமல் இருக்குமா? பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. ஊர்ச் சபையில் வாரியத்துக்கு வருகிறவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, இப்படி. கணக்குக் காட்டாதவன் கூடாது, அவன் உறவினரும் கூடாது. பிறகு பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்தத் தகுதிகளால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஊரில் ஏராளம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் தனக்குத் தகுதி உண்டா இல்லையா என்று எவனும் சுவரைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். கறுப்புக் குண்டு விழுந்த பையனுக்கு அந்தச் சுவர் கிடையாது.

தேறியவனுக்குக் கொடுக்கப்படும் அழைப்புச் சீட்டுக்கு 'பிட்' என்று பெயர். நம் ஊரில் பிட் என்றால் பரீட்சை ஹாலில் சட்டைக் கைக்குள் இருப்பது. அதனால் நண்பர் முதலில் "பிட் வாங்கிட்டான் சார்" என்று சொன்னபோது என் மனைவி திடுக்கிட்டுப் போனாள். பிட்டை ஏற்றவன் உடனே உறுப்பினன் ஆகிவிட மாட்டான். 'பிளெட்ஜ்' என்னும் வேட்பாளன் நிலையில் சில வாரங்கள் இருக்க வேண்டும். சங்கத்தின் வரலாறு, சின்னம், விதிகள் படிப்பது, சேவைப் பணி செய்வது, மூத்தவர்களோடு பழகுவது. முடிவில் மூடிய கதவுக்குள் ஒரு சடங்கு. அதன் பிறகுதான் சகோதரன். ஆபத்து எல்லாம் இந்த இடைப்பட்ட வாரங்களில்தான். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நம்மவர் சமாச்சாரம். பழைய சங்கங்கள் பலவற்றின் விதிகளில் வெள்ளையர், கிறிஸ்தவர் மட்டும் என்று 1950கள் வரைகூட எழுதியே இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று அமைத்துக் கொண்டார்கள். யூத மாணவர்களின் ஜீட்டா பீட்டா டௌ 1898இல் வந்தது. கறுப்பின மாணவர்களின் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அதே 1906இல்தான் பெங்களூரில் ஒக்கலிகர் சங்கம் தொடங்கி, கிராமத்துப் பிள்ளைகள் நகரத்தில் தங்கிப் படிக்க விடுதி நடத்தியது. நம் நாட்டில் அந்தச் சங்கங்களுக்குப் பிறப்பாலேயே உறுப்பினர். அங்கே தேர்வு செய்து உறுப்பினர். இரண்டிலும் பட்டணத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு கூரையும் நாலு மூத்தவர்களின் சிபாரிசும் கிடைத்தன.

கறுப்பினப் பெண்களின் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908இல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 1986இல் அங்கே படித்தபோது இதில் சேர்ந்தார். 2021 முதல் 2025 வரை துணை அதிபராக இருந்தவர். அவர் தேர்தலில் நின்றபோதெல்லாம் நாடு முழுவதும் அந்தச் சங்கத்துப் பெண்கள் இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்தித் திரண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இந்தக் கறுப்பினச் சங்கங்களில் ரஷ் என்ற ஆர்ப்பாட்டமே இல்லை. அறிமுகக் கூட்டம், மதிப்பெண், சமூக சேவைச் சான்று, பரிந்துரைக் கடிதம், நேர்முகம் என்று வேலைக்கு எடுப்பது போல எடுப்பார்கள். பட்டம் பெற்று முப்பது வயதானவர்கள்கூடச் சேரலாம். வாழ்நாள் முழுவதும் உறவு தொடரும். உங்களைக் கேட்டால் நான் எந்த முறையை மெச்சுவேன் என்று சொல்லத் தேவையில்லை.

1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு போன நம் மருத்துவர்கள், பொறியாளர்களின் பிள்ளைகள் 1990களில் கல்லூரிக்கு வந்தார்கள். உடனே தெற்காசியர் சங்கங்கள் முளைத்தன. பெண்களுக்கு டெல்டா ஃபை பீட்டா 1992இல் பெர்க்லியில். ஆண்களுக்கு அயோட்டா நூ டெல்டா 1994இல் பிங்ஹாம்டனில், சிக்மா பீட்டா ரோ 1996இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், டெல்டா எப்சிலான் சை 1998இல் டெக்ஸாஸ் ஆஸ்டினில். பிட்டு வாங்கிய நம் பெங்களூர்ப் பையன் பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் வாசலில்தான் நிற்பான். இவை சிறியவை. பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மாளிகை கிடையாது. தீபாவளி விழா, நடனப் போட்டி, ஸ்டெம் செல் பதிவு முகாம் என்று நடத்துவார்கள். குஜராத்தி, பஞ்சாபி, தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்திருக்கும். பேச்சு ஆங்கிலத்தில்தான். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் இங்கிருந்து போன பிள்ளைகளுக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு உண்டு. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இப்போது கசப்பான பகுதி. வேட்பாளனை அவமானப்படுத்துவது, தூங்கவிடாமல் செய்வது, அடிப்பது, அளவுக்கு மீறிக் குடிக்க வைப்பது. இதற்கு 'ஹேசிங்' என்று பெயர். நம் மொழியில் ராகிங் என்று சொல்லிவிடலாமே என்றால், ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. ராகிங் என்பது கல்லூரியில் சேர்ந்த குற்றத்துக்காக எல்லாப் பிள்ளைகள் மேலும் விழுவது. ஹேசிங் தானாக விரும்பி வாசலில் வந்து நின்றவன் மேல் விழுவது. அதனால் "அவனேதானே சம்மதிச்சான்" என்று ஒரு வாதம் எப்போதும் கிளம்பும். பென்சில்வேனியா, டெக்ஸாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலச் சட்டங்கள் இந்த வாதத்தை ஏற்பதில்லை. சம்மதம் இருந்தாலும் குற்றம் குற்றமே.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிட் ஏற்றுக் கொண்ட அன்று இரவே ஒரு பத்தொன்பது வயது மாணவன் வரிசையாக மது கொடுக்கப்பட்டு, மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தான். கூட இருந்தவர்கள் பல மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில்தான் உதவிக்கு அழைத்தார்கள். பிழைக்கவில்லை. அவன் பெயரில்தான் பென்சில்வேனியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "அது வெள்ளைக்காரப் பசங்க சங்கம் சார், நம்ம ஆளுங்க அப்படிப் பண்ண மாட்டாங்க" என்றார் நண்பர். 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரி மாணவன் ஒருவன், ஆசிய மாணவர் சங்கம் ஒன்றின் சடங்கில், கண்ணைக் கட்டி முதுகில் மணல் மூட்டையோடு பனியில் நடக்க வைத்து இடித்துத் தள்ளப்பட்டு இறந்தான் என்று சொன்ன பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

நம் யோக்கியதை என்ன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் நாவரசுக்கு நேர்ந்தது எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் மறக்காது. அதன் பிறகே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு ராகிங் தடுப்புச் சட்டம் வந்தது. கர்நாடகக் கல்விச் சட்டமும் ராகிங்கைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் கொண்டு வந்தது. பெங்களூரில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது நாமும் பிள்ளையும் தனித்தனியாக உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறோமே, அது அந்த விதிகளால் வந்தது. பெரும்பாலும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம்.

அமெரிக்காவில் 2024 டிசம்பரில் ஒரு மத்தியச் சட்டம் கையெழுத்தானது. இதன்படி ஒவ்வொரு கல்லூரியும் ஹேசிங் குற்றம் செய்ததாகத் தீர்மானிக்கப்பட்ட சங்கங்களின் பெயர், என்ன நடந்தது, என்ன தண்டனை என்பதைத் தன் இணையதளத்தில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். பென்சில்வேனியாவில் மாநிலச் சட்டத்தாலேயே இந்தப் பட்டியல் முன்பிருந்து வந்து கொண்டிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முதலில் செய்தது, பையனுடைய கல்லூரித் தளத்தைத் திறந்து இந்தப் பட்டியலைத் தேடியதுதான்.

பணம் பற்றியும் கேட்க வேண்டும். பருவத்துக்குச் சில நூறு டாலரில் முடிகிற சங்கமும் உண்டு, வீட்டில் தங்கிச் சாப்பிடுவதையும் சேர்த்துச் சில ஆயிரம் டாலர் கேட்கும் சங்கமும் உண்டு. முதல் பருவத்தில் சேர்ப்புக் கட்டணம், சின்னக் கட்டணம் என்று கூடுதலாக வரும். சட்டை, விருந்து, பயணம் எல்லாம் கணக்கில் வராத செலவு. கல்விக் கடன் வாங்கி அனுப்பிய குடும்பம் இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் சேரக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் அங்கே இருபத்தொரு வயதுக்குக் கீழ் குடிப்பது குற்றம். மது சம்பந்தமாக ஒரு கைது நடந்தால், அமெரிக்கக் குடிமகனான பையன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். நம் பையனுக்கு விசாவே போகலாம். ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

சேர்ந்தால் என்ன லாபம் என்று கேட்டால், உண்டு. முப்பதாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் நாற்பது பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும். பழைய உறுப்பினர்கள் வேலைக்குச் சிபாரிசு செய்வார்கள். தனிமையில் வாடி, போனை எடுக்காமல் அறைக்குள் முடங்கிப் போன பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அதனால் 'சங்கமே வேண்டாம்' என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்ல மாட்டேன். இந்தத் தொந்தரவே வேண்டாம் என்பவர்கள் கல்லூரி தேடும்போதே பார்க்கலாம். ரைஸ், நோட்டர் டேம் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தச் சங்கங்களே கிடையாது. பிரின்ஸ்டனில் 2012இலிருந்து சில ஆண்டுகள் முதலாண்டு மாணவர் சேரக் கூடாது என்று விதி இருந்தது. டார்ட்மவுத்தில் இரண்டாம் ஆண்டில்தான் சேரலாம். முதல் பருவத் தேர்வு முடிந்து, நண்பர்கள் யார் என்று தெரிந்த பிறகு முடிவு செய்வதே நல்லது என்று நானும் நினைக்கிறேன்.

அன்று பையனை வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே நடுராத்திரி. "வேட்பாளர் காலம் எந்தத் தேதியில் முடியும், மொத்தம் எவ்வளவு பணம், பரீட்சை இருந்தால் வராமல் இருக்கலாமா, நடுவில் விலகிக் கொள்ளலாமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கு" என்றேன். "அங்கிள், அப்படியெல்லாம் கேட்டா என்னை ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றான். "நினைக்கட்டும். எப்படிப் பதில் சொல்றாங்கன்னு பாரு" என்றார் அவன் அப்பா. நான் எதிர்பார்க்கவில்லை.

தேதியும் பணமும் எழுத்தில் வந்தன. மற்ற இரண்டுக்கும் "அதெல்லாம் உள்ளே வந்தப்புறம் தெரியும்" என்று வாயால் சொன்னார்களாம். கல்லூரிப் பட்டியலில் அந்தக் கிளையின் பெயர் இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு நிகழ்வுக்காக இருந்தது. திங்கட்கிழமை இரவு பையன் நன்றி சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கும் உறுத்தல் இருந்தது.

ஆகஸ்டில் இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் தெற்காசியர் சங்கம் ஒன்றின் அறிமுகக் கூட்டத்துக்கு அவனாகவே போனான். அதே கேள்விகளைக் கேட்டான். அவர்கள் அச்சடித்த தாளில் தேதியும் தொகையும் போட்டு, தேர்வு வாரத்தில் எந்தக் கூட்டமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டிசம்பரில் நண்பர் மறுபடியும் செல்போனோடு வந்தார். ஏழெட்டுப் பையன்கள் கறுப்பு உடையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக நின்று, காலைத் தரையில் தட்டிக் கொண்டு கிரேக்க எழுத்துகளை அடிவயிற்றிலிருந்து கத்துகிறார்கள். மூன்றாவதாக நிற்பவன் நம் பையன்.

"என்ன சார் சொல்றான்?" என்றார்.

"பீட்டாவோ ஜீட்டாவோ தெரியலையே" என்றேன். திரும்ப ஒரு முறை போட்டுப் பார்த்தோம்.